பெர்லாவின் வலது கை

பெர்லாவின் வலது கை சும்மா இருந்ததாகச் சரித்திரமே கிடையாது. ரேடியோவில் யாராவது பாடினால் அது தானாக எழுந்து பாட்டை நடத்தும். மழை நாளில் பஸ் கண்ணாடியைத் துடைக்கும் தண்டுகூட அவளுக்குத் தாளம் தப்புவதாகத்தான் படும். மடியில் விரலால் தட்டித் திருத்தப் பார்ப்பாள். அவள் வேலை செய்யும் மருந்துக்கடையில் எதிரே நிற்பவருக்கு, இந்த அம்மாள் எண்ணுவது மாத்திரையையா தாளத்தையா என்று சந்தேகம் வரும். ஸ்வீடன் நாட்டு மால்மோவில் அவளைத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் அந்தக் கையையும் தெரியும்.

அந்தக் கையால் அதிகம் அடிபட்டவள் மகள் திர்சா. அடி என்றால் முதுகில் விழுந்த அடி இல்லை. பன்னிரண்டு வயதில், யூதர்களின் ஜெபக்கூடத்தில், உறவு முழுவதும் கூடியிருக்க அவள் ஒரு பாட்டுப் பாடினாள். நன்றாகத்தான் பாடிக்கொண்டிருந்தாள். பாதியில், மேலே பெண்கள் மாடத்திலிருந்து ஒரு கை நீண்டு 'மெதுவா, மெதுவா' என்று காற்றை அமுக்கியது. கீழே இருந்த அத்தனை தலைகளும் மேலே திரும்பின. பிள்ளைக்குப் பாட்டு மறந்துபோயிற்று. அந்தக் கையை மட்டும் அவள் இன்றுவரை மறக்கவில்லை.

ரூபனோடு கல்யாணம் நிச்சயமானதும் அவள் அம்மா வீட்டுக்குக் காப்பி குடிக்க வந்தாள். இலவங்கப்பட்டை ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே பேச்சை ஆரம்பித்தாள்.

"அம்மா, உன் பேண்டு வேணும். ரூபன் வீட்டுல டிஜே வெச்சுக்கலாம்னாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன்."

பெர்லாவுக்கு முகம் மலர்ந்தது. "அப்படிச் சொல்லு என் ராசாத்தி!"

"ஆனா நீ வாசிக்கக் கூடாது."

"என்னடி சொல்றே?"

"வாசிக்கவும் கூடாது, நடத்தவும் கூடாது. கிளாரினெட் வீட்டுலயே இருக்கட்டும். அன்னிக்கு ஒரு நாள் எனக்கு அம்மாவா மட்டும் இரு, போதும். நியாஸ் மாமா நடத்தட்டும்."

"அவனா? அவன் உன்னைப் பந்தலுக்கு அழைச்சிட்டு வரமாட்டான்டி, துரத்திட்டு வருவான்!"

"துரத்தட்டும். நீ கையைத் தூக்கக் கூடாது."

"கையில என்ன இருக்கு?"

திர்சா மேசையைப் பார்த்தாள். பெர்லாவின் வலது கை கரண்டியால் சாஸரில் இரண்டு, மூன்று, இரண்டு என்று தட்டிக்கொண்டிருந்தது. அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையை மடிக்கு இறக்கினாள்.

"அன்னைக்கு அந்தக் கை மேல வந்துச்சுன்னா நான் அப்படியே திரும்பி வந்த வழியே நடந்துடுவேன். எத்தனை பேர் இருந்தாலும் சரி. சத்தியம் பண்ணு."

பிள்ளை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கண் ஓரம் சிவந்திருந்தது. பெர்லா சத்தியம் பண்ணினாள். பண்ணும்போது எந்தக் கையை நீட்டுவது என்று ஒரு கணம் தடுமாறி, இடது கையை நீட்டினாள்.

அந்தப் பேண்டு ஒரு வீட்டில் இரண்டு அடுப்பு எரிகிற மாதிரியான பேண்டு. பாதி பெர்லாவுடையது: போலந்திலிருந்து வந்த அவள் வீட்டார் கல்யாணங்களில் வாசித்த கிளெஸ்மர் என்கிற யூத இசை. மறுபாதி நியாஸுடையது: அவன் போஸ்னியாவிலிருந்து கொண்டுவந்த பால்கன் ஆட்டப் பாட்டுகள். நியாஸ் இந்த ஊரில் சிட்டி பஸ் ஓட்டுகிறான். போர்க்காலத்தில் அக்கார்டியனோடு இங்கே வந்து இறங்கியவன், ஸ்வீடிஷ் மொழியில் தான் முதலில் கற்றது 'கொஞ்சம் பின்னால நகருங்க' என்பதுதான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வான். பன்னிரண்டு வருஷமாக இருவரும் சேர்ந்துதான் பேண்டை நடத்துகிறார்கள். பன்னிரண்டு வருஷமாக ஒரே சண்டையும் நடக்கிறது.

சண்டை வேகத்தைப் பற்றியது. நியாஸ் எதை எடுத்தாலும் காற்றாகப் பறப்பான். "பஸ்ஸை இந்த வேகத்துல ஓட்டினா ஊரே திரண்டு உனக்கு மாலை போடும்" என்பாள் பெர்லா. அவன் விட மாட்டான். அவனுடைய பாட்டுகள் தகிட தகதிமி என்று ஏழில் துள்ளும்போது அவள் கிளாரினெட்டுக்குப் பின்னால் உதட்டால் எண்ணுவது அவனுக்குத் தெரியும். "மருந்துக்காரம்மா, இது மாத்திரை இல்ல, எண்ணாதே" என்பான்.

எல்லாவற்றையும்விட, ஒரு மெதுவான பாட்டில்தான் இருவருக்கும் ஜென்மப் பகை. விருந்தினரை வீட்டுக்கு வழியனுப்ப வாசிக்கும் பழைய கல்யாணப் பாட்டு அது. மூன்று அடித் தாளம். அதில் நடு அடியை யாரும் தொடக் கூடாது, காலியாக விட வேண்டும். அப்போதுதான் பாட்டு ஒரு காலைத் தாங்கித் தாங்கி, அவசரமே இல்லாமல் நடக்கும். நியாஸுக்குக் காலி இடத்தைக் கண்டால் ஆகாது. நடு அடி வந்ததும் ஏதாவது ஒரு ஸ்வரத்தை ஏற்றிவிடுவான்.

"அந்த இடம் காலியா இருக்கணும்டா! அதுதான் பாட்டே!"

"சீட்டு காலியா இருந்தா ஆளை ஏத்தறது என் தொழில் தர்மம்."

கரடியாகக் கத்தியும் பயனில்லை என்று அவள் அந்தப் பாட்டை எடுப்பதையே குறைத்துவிட்டாள்.

இப்போது அவனிடம் பேண்டை முழுசாக ஒப்படைக்க வேண்டும். ஒத்திகைக்கு அவன் மனைவி செய்து கொடுத்த பூரெக் என்கிற இறைச்சிப் பணியாரத்தோடு வந்தான். செய்தியைக் கேட்டதும் பூரெக் தட்டைக் கீழே வைத்தான்.

"அப்ப மஸல் டோவ் யாரு எடுக்கறது?"

அதுதான் கேள்வி. யூதக் கல்யாணத்தில், துணிப்பந்தலின் கீழே எல்லாச் சடங்கும் முடிந்த பிறகு, மாப்பிள்ளை துணியில் சுற்றிய கண்ணாடிக் கோப்பையைக் காலால் மிதித்து உடைப்பான். உடைந்த சத்தம் கேட்டதும் சனங்கள் 'மஸல் டோவ்' என்று வாழ்த்திக் கத்துவார்கள். அந்தக் கத்தலோடு கத்தலாகப் பேண்டு பிடித்துக்கொள்ள வேண்டும். நடுவில் ஊசி நுழைய இடம் இருக்கக் கூடாது என்பது பெர்லாவின் கட்சி. இதுவரை நுழைந்ததும் இல்லை. அவள் கை அப்படி.

"நீதான் எடுக்கறே. சத்தம் கேட்டுச்சா, பாய்ஞ்சுடு. யோசிக்கறதுக்கு நேரம் கிடையாது."

வாயால் சொன்னால் போதாது என்று, வீட்டில் சேர்த்து வைத்திருந்த ஜாம் பாட்டில்களை அடுத்த ஒத்திகைக்குப் பையில் கொண்டுவந்தாள். டியூபா வாசிக்கும் சிக்ஸ்டன் என்கிற பெரிய உடம்புக்காரர் கதவுக்குப் பின்னால் நின்று, அவற்றைத் துண்டில் சுற்றி ஒவ்வொன்றாக மிதித்தார். இந்தப் பக்கம் நியாஸ் காதைத் தீட்டிக்கொண்டு அக்கார்டியனோடு காத்திருந்தான். முதல் பாட்டிலுக்குத் தாமதம். இரண்டாவதற்கும் தாமதம். கடைசிப் பாட்டிலில் சிக்ஸ்டன் கால் தரையில் படும் முன்பே பாட்டு கிளம்பிவிட்டது. நாலு நாள் கழித்து நியாஸ் போன் பண்ணினான்.

"வீட்டுல டம்ளர் உருண்டாக்கூட என் விரல் ஓடுது. பொண்டாட்டி என்னைச் சமையலறைக்குள்ளயே விட மாட்டேங்கறா."

"அப்ப தேறிட்டே" என்றாள் பெர்லா.

தனக்குத் தெரிந்தது அத்தனையும் சொல்லிக்கொடுத்துவிட்டதாகத்தான் அவள் நினைத்தாள். ஒன்றே ஒன்றைச் சொல்லவில்லை. ஒவ்வொரு கல்யாணத்திலும், சடங்கு தொடங்கும் முன்பு, அவள் சமையலறைக்குப் போய் இடுப்பில் கை வைத்து நிற்பாள். 'பந்தல்ல கோப்பை உடையற வரைக்கும் இங்கேயிருந்து ஒரு கண்ணாடிச் சாமான் வெளியே வரக் கூடாது' என்று சொல்லிவிட்டுத்தான் வருவாள். பல் தேய்ப்பதுபோல் பழகிப்போன வேலை. பல் தேய்ப்பதை யாராவது இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுப்பார்களா?

கல்யாணம் ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு வெளியே ஒரு பழைய பண்ணை வீட்டில். ஸ்கோனெ மாகாணத்துக் காற்று வழக்கம்போல யாரையும் மதிக்காமல் வீசிக்கொண்டிருந்தது. நாலு நண்பர்கள் நாலு கழியைப் பிடித்துக்கொண்டிருக்க, பந்தல் துணி பாய்மரமாக உப்பியது. பேண்டு ஆட்கள் இசைத்தாள்களைத் துணி மாட்டும் கிளிப்புகளால் கவ்வ வைத்திருந்தார்கள். பெர்லா நீலப் பட்டு உடுத்தி, கையில் ஒரு சின்னப் பையோடு வந்தாள். அந்தப் பைக்குள் ஒன்றுமே இல்லை. வலது கைக்கு ஒரு வேலை வேண்டுமே என்றுதான் கொண்டுவந்தாள்.

மணப்பெண் அறையிலிருந்து வெளியே வரும் வழி சமையலறையை ஒட்டிப் போனது. கதவு திறந்திருந்தது. உள்ளே பளபளவென்று ஒயின் கோப்பைகள், தட்டுத் தட்டாக. பெர்லாவின் கால் தானாக நின்றது.

"அம்மா?" என்றாள் திர்சா, வெள்ளை முக்காட்டுக்குள்ளிருந்து.

"ஒண்ணுமில்ல. அங்க போய் ஒரே ஒரு வார்த்தை…"

"பேண்டு விஷயமா?"

பெர்லா கோப்பைகளைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். சத்தியம் சத்தியம்தான். "ஒண்ணுமில்ல, வா" என்று நடந்தாள்.

அவள் ஒரு பக்கமும், கணவன் ஹென்ரிக் மறுபக்கமுமாக மகளைப் பந்தலுக்கு அழைத்துப் போனார்கள். ஹென்ரிக் பாட்டுக் கேட்டாலே கண் அயர்ந்துவிடுகிற சாது. பேண்டில் அவர் பங்கு வேனில் சாமான் ஏற்றுவது. நியாஸ் ஊர்வலப் பாட்டை எடுத்தான். அவள் பயந்தபடியே எடுத்தான். மூவரும் கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர்கள்போல் எட்டி நடக்க வேண்டியிருந்தது.

"சொன்னேனா இல்லையா?" என்றாள் பெர்லா, உதட்டை அசைக்காமல்.

"கை, அம்மா" என்றாள் திர்சா, அவளும் உதட்டை அசைக்காமல்.

பெர்லா பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். வலது கை உள்ளே துடிப்பதை அவளே உணர்ந்தாள். வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

கோபன்ஹேகனிலிருந்து வந்திருந்த யூத குருவான ரபி முதல் ஆசீர்வாதத்தைச் சொல்லி முடித்தார். ரூபன் மோதிரத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். யோத்தபரி ஊர்க்காரன், எதற்கெடுத்தாலும் ஒரு ஜோக் சொல்கிறவன், அன்று வாயில் கொழுக்கட்டை வைத்தவன்போல் நின்றான். திர்சா விரலை நீட்டினாள்.

அந்த நேரம் பார்த்து, சமையலறைக் கதவிலிருந்து பரிமாறும் பெண் ஒருத்தி தட்டு நிறையக் கோப்பைகளோடு வெளியே வந்தாள். சரளைக் கல்லில் அவள் குதிகால் புரண்டது.

சலீரென்று விழுந்தது பாருங்கள், ஒரு கோப்பை இல்லை, ஒரு தட்டுக் கோப்பை.

நியாஸ் பாய்ந்துவிட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, பாட்டில் பாட்டிலாக உடைத்துப் பழக்கிய காது. டியூபா உறுமியது, தமுக்கு அதிர்ந்தது. பின் வரிசையில் இருந்தவர்களுக்குப் பந்தலுக்குள் நடப்பது தெரியாது. சத்தம் கேட்டது, பேண்டும் கேட்டது, 'மஸல் டோவ்' என்று கூரை இல்லாத இடத்தில் கூரை பிய்யக் கத்தினார்கள். ரூபனின் சித்தப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டு இரண்டு பெண்களின் கையைப் பிடித்து வட்டம் போட ஆரம்பித்தார். கழி பிடித்திருந்த நண்பர்களில் ஒருவன் ஞாபக மறதியாகக் கை தட்டினான். பந்தலின் ஒரு மூலை சரிந்து ரபியின் தொப்பிமேல் உட்கார்ந்தது.

மோதிரம் இன்னும் ரூபன் கையில்தான் இருந்தது.

பெர்லாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு கை போதும். தலைக்கு மேலே கையை உயர்த்தி விரல்களை மூடினால் போதும், அந்தப் பேண்டு நடு ஸ்வரத்தில் கப்சிப்பென்று நிற்கும். பன்னிரண்டு வருஷப் பழக்கம். முன்வரிசை முழுவதும் அவளையேதான் பார்த்தது. ஹென்ரிக்கூட விழித்துக்கொண்டு பார்த்தார். திர்சாவும் பார்த்தாள். அந்தப் பார்வையில், ஜெபக்கூடத்தில் பாட்டை மறந்து நின்ற பிள்ளையின் பயம் அப்படியே இருந்தது.

பெர்லா பையைக் கீழே போட்டாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நியாஸ் அப்போதுதான் மோதிரத்தைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்ததை அவள் தூரத்திலிருந்தே கண்டாள். சட்டென்று நிறுத்தப் போகிறான் என்று நினைத்தாள். நிறுத்தினால், உடைந்த கண்ணாடி நடுவே அழுதுகொண்டு நிற்கும் அந்தப் பெண் பக்கம் எல்லாக் கண்களும் திரும்பும். ஆடிக்கொண்டிருக்கும் சித்தப்பாவின் கால் அந்தரத்தில் நிற்கும். திர்சாவின் கல்யாணம் காலத்துக்கும் ஊர் சிரிக்கும் கதையாகிவிடும்.

அவன் நிறுத்தவில்லை. நின்றுகொண்டு வரும் பயணிகள் விழாதபடி பஸ்ஸை நிறுத்துவதுபோல், வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தான். சிக்ஸ்டனைப் பார்த்து ஒரு புருவம் தூக்கினான். டியூபா அடங்கியது, தமுக்கு ஓய்ந்தது. ஓடிய பாட்டு நடந்தது. நடந்த பாட்டு, எப்போது மாறியது என்று யாருக்கும் தெரியாமல், அந்த வழியனுப்பும் பாட்டாக மாறியது. ஒன்று, காலி, மூன்று. ஒன்று, காலி, மூன்று. நடு அடியை அவன் தொடவே இல்லை.

ஆடியவர்களின் கால்கள் தாமாகத் தளர்ந்தன. வீட்டுக்குப் போகிற பாட்டு என்று கால்களுக்குத் தெரியும்போல. ஒவ்வொருவராக அவரவர் நாற்காலிக்குத் தாங்கித் தாங்கி நடந்து போய் உட்கார்ந்தார்கள். சித்தப்பா ஒரு பெண்ணுக்கு நாற்காலியை இழுத்துக்கூடக் கொடுத்தார். கழிக்காரன் மூலையைத் தூக்கினான், ரபி தொப்பியைச் சரிசெய்துகொண்டார். யாரோ துடைப்பத்தோடு வந்து பரிமாறும் பெண்ணின் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள்.

பெர்லா அழுதாள். தன் பேண்டை அவள் இதுவரை வெளியே நின்று கேட்டதே இல்லை. இவ்வளவு அழகாகவா வாசிக்கிறோம் என்று இருந்தது. கூடவே, பாவிப்பயல், நான் கேட்டபோதெல்லாம் வாசிக்காததை நான் இல்லாத அன்றைக்கு வாசிக்கிறானே என்று கொஞ்சம் பொறாமையும் வந்தது. கண்ணைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் வைத்தது வைத்தபடியே இருந்தது. ஹென்ரிக்தான் கைக்குட்டையால் துடைத்துவிட்டார்.

திர்சா அதைப் பார்த்தாள்.

பாட்டு தேய்ந்து நின்றது. மோதிரம் விரலில் ஏறியது. ரபி கல்யாண ஒப்பந்தத்தை வாசித்தார், ஏழு ஆசீர்வாதங்களையும் சொன்னார். காற்றுகூட கொஞ்சம் மரியாதையாக இருந்தது. கடைசியில் துணியில் சுற்றிய கோப்பையை ரூபனின் காலடியில் வைத்தார்கள். ரூபன் காலைத் தூக்கி, யோத்தபரி ஊரில் இருந்தே ஓங்கி வந்தவன்போல் ஒரு மிதி மிதித்தான்.

நொறுங்கிய சத்தம் தெளிவாகக் கேட்டது.

அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு வருமா? இது நிஜமா, இதுவும் சமையலறைச் சமாச்சாரமா என்று சனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பேண்டு அசையவில்லை. நியாஸ் அக்கார்டியனை விரித்த கையோடு, பெர்லாவைப் பார்த்துக்கொண்டு நின்றான். பெர்லா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஊசி நுழையக் கூடாத இடத்தில் ஒரு பஸ்ஸே நுழைந்து திரும்பும் அளவுக்கு இடம் கிடந்தது.

திர்சா அம்மா பக்கம் திரும்பினாள். முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்த கைகளை எட்டிப் பார்த்தாள். விரல்கள் வெளுத்துப் போகுமளவு இறுக்கியிருந்தன. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அம்மா."

"நான் தூக்கலடி! நான் ஒண்ணுமே பண்ணல!"

"தெரியும்மா. போதும். தூக்கு."

"என்ன?"

"கையைத் தூக்கும்மா! எவ்வளவு நேரம் நிக்கறது, எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு!"

பெர்லாவின் வலது கை மேலே போயிற்று. அது கீழே வருவதற்குள் பேண்டு பிடித்துக்கொண்டது.

அப்புறம் நடந்ததெல்லாம் கல்யாணம். ரூபனையும் திர்சாவையும் நாற்காலியோடு தூக்கி ஆடினார்கள். கிளாரினெட்டை ஹென்ரிக், மனைவிக்குத் தெரியாமல், வேனில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். திர்சாவே அதை எடுத்து வந்து அம்மா கையில் திணித்தாள். நியாஸின் ஏழில் பெர்லா அன்று எண்ணாமல் வாசித்தாள். அதாவது, ஓரளவு எண்ணாமல்.

பேண்டுக்குச் சாப்பாடு வந்த இடைவேளையில் அவள் தட்டோடு நியாஸ் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரெண்டாவது கோப்பை உடைஞ்சது உனக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு" என்றான் நியாஸ், உருளைக்கிழங்கைக் குத்தியபடியே. "நல்லாக் கேட்டுச்சு."

"அப்புறம் ஏன்டா எடுக்கல? என் உயிரே போயிடுச்சு."

அவன் மென்று முடித்துவிட்டு அவளைப் பார்த்தான். "பன்னெண்டு வருஷமா கத்திக்கிட்டு இருக்கியே மருந்துக்காரம்மா. அந்த இடத்தைக் காலியா விடுன்னு. விட்டேன்."

பெர்லா வலது கையால் அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு தன் தட்டில் இருந்த பெரிய மீன் துண்டை எடுத்து அவன் தட்டில் வைத்தாள்.